பட்டியலிலிருந்து காணாமல் போன மாமனார்

காலை 9:20.

ஆள் காணாமல் போனால் போலீசில் சொல்லலாம். ஆள் மடியில் பையோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, பட்டியலில் அவருடைய வரி மட்டும் காணாமல் போனால் யாரிடம் போய்ச் சொல்வது? கண் மருத்துவமனையின் பதிவு மேசை முன்னால் நின்ற மருமகளுக்கு ஒரு நிமிடம் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பெரிய டாக்டர் திரையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை உருட்டிப் பார்த்தார்.

"கருவிழிக்குக் காத்திருக்கறவங்க பட்டியல்ல உங்க மாமனாரோட நம்பர் இல்லம்மா."

"திங்கட்கிழமை முதல் வரியே அவர்தான், டாக்டர்."

"இன்னைக்கு இல்லையே."

மாமனார் முப்பது வருடம் ரயில் ஓட்டியவர். இரண்டு வருடங்களாக இரு கருவிழிகளும் வெளுத்துப்போய், உலகம் அவருக்குச் சோப்பு நுரைக்குப் பின்னால் போய்விட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. இறந்தவர் யாராவது கண்ணைத் தானம் செய்து, அந்தக் கருவிழியை இவருக்கு வைத்துத் தைத்தால் பார்வை திரும்பும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குத்தான் இந்தப் பட்டியல்.

பட்டியல் இணையப் பக்கமாக இருந்தது. வீட்டில் சாப்பாட்டு மேசையில் தினமும் அதைத் திறந்து வாசிப்பது மாமியாரின் இலாகா. இடது கட்டத்தில், முதலில் பதிவு செய்தவர் மேலே வரும்படி, பதிவு எண். வலது பக்கம், அந்த ஆள் இன்னும் முடிக்காத பரிசோதனைகள், ஒன்றின் கீழ் ஒன்றாக. நான்கு பாக்கி என்றால் அந்த ஆளின் இடம் நான்கு வரி உயரம். ஒன்று பாக்கி என்றால் ஒரே வரி. மாமனார் நான்கு வரி உயரத்தில் சேர்ந்தவர். சர்க்கரை, இதயம், கண்ணீர்ப்பை என்று மாமியார் அவரை இழுத்துக்கொண்டு அலைந்து ஒவ்வொன்றாக முடித்தார். "உங்க மாமா இளைச்சுக்கிட்டே வர்றாரு, பாரு," என்று மருமகளிடம் போனைக் காட்டிச் சிரிப்பார். திங்கட்கிழமை பல் மருத்துவரின் சான்று ஒன்றுதான் பாக்கி. "அறுபத்து நாலு பேரு காத்திருக்காங்க. முதல் ஆளு நாமதான்," என்று அன்றைக்கு அவர் வாசித்தபோது மாமனார் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

செவ்வாய் காலை அந்தச் சான்றையும் கொண்டுவந்து கொடுத்தாயிற்று. இன்று புதன். காலை ஏழு மணிக்குப் பக்கத்தைத் திறந்தால் முதல் வரியில் வேறு யாரோ. 'பரிசோதனைகளை முடித்தவர்கள் தொலைபேசி அழைப்புக்குக் காத்திருக்கவும்' என்று பக்கத்தின் அடியில் எழுதியிருக்கும். சரி, நம்மைக் கூப்பிடப் போகிறார்கள் என்று நம்பி, துண்டு, மாற்றுத் துணி, சின்ன ரேடியோ எல்லாவற்றையும் பையில் அடுக்கிக்கொண்டு மூன்று பேரும் கிளம்பி வந்துவிட்டார்கள்.

டாக்டர் சொன்ன செய்தி வேறு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு கருவிழிகள் வந்திருந்தன. திரவத்தில் வைத்தால் நான்கு நாள்தான் தாங்கும். தானம் செய்தவரின் ரத்தத்தைச் சோதித்து முடிக்க இரண்டு நாள் போயிற்று. நேற்று நண்பகல் பன்னிரண்டுக்கு டாக்டர் பக்கத்தைத் திறந்து முதல் இரண்டு எண்களைக் குறித்துக்கொண்டார். இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு அறுவை சிகிச்சை.

அந்த முதல் எண் யார் என்று மாமியார் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. எதிர் பெஞ்சில், மணிக்கட்டில் அட்மிஷன் பட்டையோடு, கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார் ஒருவர். அவருடைய மனைவிக்குப் பதிவு மேசைப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு மேசைக்குத் திரும்பி உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே முகஜாடை. அக்காவும் தங்கையும்.

டாக்டர் விசைப்பலகையில் இரண்டு தட்டுத் தட்டி, யார் எந்தப் பதிவைத் திறந்தார்கள் என்ற குறிப்பேட்டைக் கொண்டுவந்தார். மாமனாரின் பதிவைக் கடைசியாகத் திறந்த கை யாருடையது என்று திரை சொன்னது. பதிவு மேசை. செவ்வாய், காலை 10:40. எண்களைக் குறிப்பதற்குச் சரியாக ஒரு மணி இருபது நிமிடம் முன்னால்.

"நாலு மாசம் முன்னாடி வரைக்கும் இங்க நோட்டுப் புத்தகம்தான். அதுல யார் வேணா அடிச்சுத் திருத்தலாம்," என்றார் டாக்டர். "அதனாலதான் ஞாயிறு ஞாயிறா உட்கார்ந்து, நானே கத்துக்கிட்டு, இந்தப் பக்கத்தை எழுதினேன். பக்கம் பொய் சொல்லாதும்மா. மனுஷங்கதான் சொல்லுவாங்க."

பதிவு மேசைப் பெண் எழுந்து நின்றாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

டாக்டர் நியாயஸ்தர், யாருக்கும் சலுகை காட்டாதவர். பன்னிரண்டு மணிக்குத் தீர்ப்பு என்றார். இந்தப் பெண்தான் அழித்தாள் என்று உறுதியானால் வேலையை விட்டு அனுப்பிவிட்டு, அவள் அக்கா வீட்டுக்காரரை நிறுத்தி, அந்தக் கருவிழியை மாமனாருக்கே வைத்துவிடுவார். மருமகள் தன் தொழிலைச் சொன்னாள். இதே மாதிரிப் பக்கங்களைக் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் செய்துகொடுப்பவள் அவள். அதுவரை தான் விசாரிக்கலாமா என்று கேட்டாள். டாக்டர் தலையாட்டினார்.

காலை 10:05.

மருமகளுக்கு மூக்குக்கு மேல் கோபம். இந்தப் பெண்தான் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் எதிரில் உட்கார்ந்தாள்.

"நேத்து மாமாவோட பதிவைத் திறந்தீங்களா?"

"திறந்தேன்."

"எதுக்கு?"

"பல் சர்டிபிகேட் வந்துச்சு. பாக்கியில இருந்து அதை எடுத்தேன். சேவ் பண்ணேன்."

"அப்புறம்?"

"அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்."

"ஆளையே அழிக்கிற பட்டன் உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கு. தொட்டதில்ல."

"மாமா போனா அடுத்து உங்க அக்கா வீட்டுக்காரர்னு தெரியுமா?"

அவள் நேராகப் பார்த்தாள். "தெரியும். தினமும் பார்க்கறேன் இல்ல? அத்தானுக்கும் சீக்கிரம் வந்துடணும்னு வேண்டிக்கிட்டேன். வேண்டிக்கிட்டது மட்டும்தான் என் தப்பு."

"மாமா இடத்துல யாரையாவது புதுசா சேர்த்தீங்களா?"

"புதுப் பதிவு வெள்ளிக்கிழமை மட்டும்தான். திங்கள்ல இருந்து ஒருத்தரும் சேரலை. ஆபரேஷன் முடிஞ்சு போனவங்களும் இல்ல."

பொய் சொல்கிறவர்கள் வேண்டாத விவரமெல்லாம் சொல்வார்கள். இவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். கோபத்தோடு வந்த மருமகளுக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்தது.

காலை 10:50.

அவள் மாமனார் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். என்ன ஆச்சு என்று அவர் கேட்கவில்லை. பட்டியலை முழுசாக ஒருமுறை வாசித்துக் காட்டச் சொன்னார்.

"எதுக்கு மாமா? நீங்க அதுல இல்ல."

"இல்லாததைத் தேடறப்போ இருக்கறதை எண்ணணும்மா. பெட்டி கழண்டுபோச்சுன்னு யாராவது சொன்னா நாங்க அப்படித்தான் பண்ணுவோம்."

போனில் பக்கத்தைத் திறந்து வாசித்தாள். மேலே, காத்திருப்போர் 64. கீழே ஒவ்வொரு எண்ணாக. இவருக்கு மூன்று வரி, இவருக்கு ஒன்று, இவருக்கு இரண்டு. எண்கள் விட்டுவிட்டுத்தான் வந்தன; சிகிச்சை முடிந்தவர்களின் எண்ணை எடுத்துவிடுவதால் இடைவெளியைப் பார்த்து யாருக்கும் எதுவும் தோன்றாது. மாமனார் கண்ணை மூடி, விரலை மடக்கிக்கொண்டே வந்தார். மாமியார் எதிர் பெஞ்சை முறைத்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மாமா."

"மேல எவ்வளவுன்னு சொன்ன?"

"அறுபத்து நாலு."

"நீ வாசிச்சது அம்பத்தேழு பேரு."

அவள் சிரித்துக்கொண்டே திரும்ப எண்ணினாள். சிரிப்பு பாதியில் நின்றது. ஐம்பத்தேழுதான்.

அதன்பிறகு மூளை தானாக ஓடியது. திங்கட்கிழமையும் மேலே அறுபத்து நான்கு. இன்றும் அறுபத்து நான்கு. நடுவில் யாரும் சேரவில்லை, யாரும் போகவில்லை. மாமாவை யாராவது அழித்திருந்தால் அறுபத்து மூன்று என்றல்லவா இருக்க வேண்டும்? யாரும் அவரை அழிக்கவில்லை. அவர் உள்ளேதான் இருக்கிறார், கண்ணுக்குத் தெரியாமல். அவரோடு இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள்.

காலை 11:15.

பதிவு மேசைக்கு மறுபடி போனாள். இந்த முறை குரலில் கோபம் இல்லை.

"இந்த நாலு மாசத்துல யார் யாருக்கு ஆபரேஷன் ஆச்சோ, அவங்க எல்லா டெஸ்ட்டும் முடிச்சிருந்தாங்களா?"

"ஒண்ணு பாக்கி இருக்கும்," என்றாள் அந்தப் பெண். கடைசியில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தால் அட்மிட் செய்கிற நாளிலேயே இங்கே முடித்துக்கொள்வதுதான் இந்த மருத்துவமனையின் வழக்கமாம். அவளுடைய அத்தானுக்கும் இதயப் பரிசோதனை பாக்கிதான். இன்று காலைதான் எடுத்தார்கள். முடிவை இன்னும் பக்கத்தில் ஏற்றவில்லை.

"எல்லாத்தையும் முன்னாடியே முடிச்சவங்க ஒருத்தராவது இந்தப் பக்கத்துல இருந்து ஆபரேஷனுக்குப் போயிருக்காங்களா?"

அந்தப் பெண் யோசித்தாள். மேசை மேலிருந்த பேனாவை எடுத்தாள், வைத்தாள்.

"இல்ல," என்றாள் மெல்ல. "ஒருத்தரும் இல்ல."

மருமகள் ஒரு சோதனை செய்யச் சொன்னாள். மாமாவின் பதிவில் ரத்த அழுத்தம் என்று ஏதாவது ஒரு பரிசோதனையைப் பாக்கியாகச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பெண் சேர்த்தாள். பக்கத்தைப் புதுப்பித்தாள். ஒன்றும் நடக்காதது போல மாமனார் முதல் வரியில் வந்து நின்றார்.

இரண்டு பெண்களும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே அறுபத்து நான்கு. கீழே இப்போது ஐம்பத்தெட்டு.

பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் தரவை மருமகள் திறந்தாள். அறுபத்து நான்கு பேர் அங்கே வரிசையாக இருந்தார்கள். ஒவ்வொருவருக்குள்ளும் பாக்கிகளின் ஒரு சின்னப் பட்டியல், இரண்டு சதுர அடைப்புக்குறிகளுக்கு நடுவில். ஆறு பேருக்கு மட்டும் அந்த அடைப்புக்குறிகளுக்கு நடுவில் ஒன்றுமே இல்லை. பதிவு செய்த தேதிகளைப் பார்த்தாள். அந்த ஆறில் மூன்று பேர் மாமாவுக்கு முன்னால் பதிவு செய்தவர்கள், மற்ற மூன்று பேர் வெகு பின்னால்.

இருப்பது இரண்டு கருவிழி. மூன்று பேரும் வெளியே வந்தால் மாமா நான்காவது ஆள்.

மணி 11:40. யாருக்கும் தெரியாது. எழுந்து போய், 'இந்தப் பெண்தான் அழித்தாள்' என்று சொல்லிவிட்டால் மாமாவுக்கு இன்றைக்கே கண். அது வேண்டாம் என்றால் இன்னும் சுலபமான வழி இருக்கிறது. இந்தப் பொய்யான ரத்த அழுத்தத்தை அப்படியே விட்டுவிட்டால் போதும். மாமா முதல் ஆள், இவள் அத்தான் இரண்டாவது. அவரவர் வீட்டுக்கு ஒரு கண். யார் வயிற்றிலும் அடித்த மாதிரித் தெரியாது.

அவள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கும் கணக்கு புரிந்துவிட்டது என்று முகமே சொன்னது.

"அத்தான் அஞ்சாவதாப் போயிடுவாரு," என்றாள் அவள்.

"மாமா நாலாவது."

வெளியே யாரோ டோக்கன் எண் கேட்டார்கள். பதிவு மேசைப் பெண் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். "டாக்டர் ரூம்லதான் இருக்காரு, மேடம். வாங்க போவோம். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தா எனக்கு மனசு மாறிடும்."

தனக்கும் அப்படித்தான் என்று மருமகள் சொல்லிக்கொள்ளவில்லை. சேர்த்த ரத்த அழுத்தத்தை எடுக்கச் சொல்லிவிட்டு நடந்தாள்.

காலை 11:50.

டாக்டர் மேசையில் வேலை நீக்கக் கடிதம் தயாராக இருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

"யாரு எடுத்தது?" என்றார்.

"நீங்கதான், டாக்டர்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். மருமகள் அவருடைய கணினியிலேயே பக்கத்தின் நிரலைத் திறந்து, விரலை வைத்துக் காட்டினாள்.

"உங்க நிரல் ஒவ்வொரு ஆள்கிட்டயும் போகுது. போய், உனக்கு என்னென்ன பாக்கின்னு கேட்குது. ஒரு பாக்கிக்கு ஒரு வரி வரையுது. முதல் வரியை வரையறப்போதான் ஆளோட நம்பரை இடது பக்கம் எழுதுது. மாமாகிட்டயும் போச்சு. பாக்கி எதுவும் இல்ல. அதனால வரைய வரி இல்ல. வரி இல்லாததால நம்பரை எழுத இடமும் இல்ல. அடுத்த ஆள்கிட்டப் போயிடுச்சு. மேல இருக்கற அறுபத்து நாலு மட்டும் ஆளை எண்ணுது. கீழ இருக்கறது பாக்கியை எண்ணுது. ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு நாலு மாசமா யாரும் பார்க்கலை."

டாக்டர் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டார்.

"ஒரு டெஸ்ட்டை மிச்சம் வெச்சவங்க எல்லாரும் கண்ணு வாங்கிட்டுப் போயிட்டாங்க. சொன்னதையெல்லாம் ஒழுங்கா முடிச்சவங்க ஏழு பேரு போன் பக்கத்துல உட்கார்ந்திருக்காங்க. உங்க தொழில்ல குறை இருக்கறவங்களைத்தானே பார்ப்பீங்க? பக்கத்தையும் அப்படியே பழக்கிட்டீங்க. ஒரு குறையும் இல்லாத ஆளு அதுக்கு ஆளாவே தெரியலை."

இவ்வளவு பேசியிருக்க வேண்டாம் என்று அவளுக்கே தோன்றியது. டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். திரையில் அந்த நிரலை, தன் ஞாயிற்றுக்கிழமைகளை, மேலிருந்து கீழ்வரை படித்தார். மறுபடி படித்தார். பிறகு அந்தக் கடிதத்தை நான்காக மடித்துக் கிழித்தார். எழுந்து நின்றுதான் பதிவு மேசைப் பெண்ணிடம் பேசினார்.

"என்னை மன்னிச்சுக்கம்மா. எதையும் சரிபார்க்காம உன் மேல பழி போட்டுட்டேன்."

அவள் அதுவரை அழவில்லை. அப்போதுதான் அழுதாள்.

திருத்தம் பெரிய வேலை இல்லை. உள்பட்டியல் காலியா என்று முதலில் கேட்க வேண்டும். காலி என்றால் 'தயார்' என்று ஒரே ஒரு வரி வரைய வேண்டும். மருமகள் சொல்லச் சொல்ல டாக்டரே தட்டினார். இரண்டு இடத்தில் தப்பாகத் தட்டி, அவளிடம் திட்டு வாங்கினார். 12:25-க்குப் பக்கத்தைப் புதுப்பித்தபோது ஏழு 'தயார்'களும் திரையில் வந்தன. ஐம்பத்தேழும் ஏழும் அறுபத்து நான்கு. பிற்பகல் சிகிச்சையை நாளை காலைக்கு மாற்றினார்கள். அதுதான் திரவம் தாங்கும் கடைசி நாள்.

பிற்பகல் 1:05.

முதல் எண்ணைப் பதிவு மேசைப் பெண்தான் அழைத்தாள். ஒரே மணியில் எடுத்தார்கள். மறுமுனையில் ஒரு பெண்மணி. பரிசோதனைகள் முடிந்து மூன்றரை மாதமாம். குளிக்கப் போனால்கூடப் போனைக் கதவோரம் வைத்துவிட்டுத்தான் போவாராம். சேதியைக் கேட்டதும் தயங்கித் தயங்கி, தான் ஊரின் மறுகோடியில் தனியாக இருப்பதாகவும், காலை ஏழு மணிக்குக் கூட்டிவர ஆள் இல்லை என்றும், தாமதமானால் முறை போய்விடுமா என்றும் கேட்டார். போகவே போகாது என்று இவள் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

பிற்பகல் 1:30.

மருமகள் கூடத்துக்குத் திரும்பி நடந்தாள். குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டுப் பரிசைக் கோட்டைவிட்ட ஒரே துப்பறிவாளர் அவளாகத்தான் இருக்கும். மாமனார் மாமியார் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். கடைசி வாய்ப்பு தன் கையில் இருந்ததையும், அதைத் தான் விட்டதையும் சேர்த்துச் சொன்னாள்.

மாமியார் பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தார். "நான் அந்த டெஸ்ட்டுக்கெல்லாம் இழுத்துட்டு அலையாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"மன்னிச்சிருங்க மாமா," என்றாள் மருமகள்.

மாமனார் கையை நீட்டித் தடவி, அவள் தலையைக் கண்டுபிடித்தார்.

"எதுக்கும்மா? சிக்னல்ல முன்னாடி நிக்கற வண்டியை இடிச்சுத் தள்ளிட்டு நான் ஒரு நாளும் போனதில்ல. இன்னைக்குக் காலையில நான் லைன்லயே இல்லையே. இப்போ எத்தனாவது?"

"நாலாவது. நாளைக்கு ரெண்டு பேருக்கு முடிஞ்சதும் நீங்க ரெண்டாவது."

"ஒருத்தர் தானம் பண்ணா எத்தனை கண்ணு வரும்?"

"ரெண்டு, மாமா."

"அப்புறம் என்ன?"

அவர் சிரித்தார். பிறகு, முதல் எண் யார் என்று கேட்டார். மருமகள் அந்தப் பெண்மணியைப் பற்றிச் சொன்னாள்; மூன்றரை மாதம், கதவோரத்துப் போன், கூட்டிவர ஆள் இல்லாதது. மாமனார் மனைவி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவருக்கு அது போதும்.

மாமியார் மூக்கை உறிஞ்சினார். பையை மருமகள் மடியில் வைத்தார்.

"அந்த அம்மாவோட அட்ரஸை வாங்கிட்டு வா. காலையில அஞ்சரைக்கே கிளம்பிடுவோம். நாமளே போய்க் கூட்டிட்டு வந்துடலாம்," என்றார். பிறகு, "ரிப்போர்ட் எல்லாத்தையும் எடுத்து வெச்சுக்கச் சொல்லு. ஒண்ணு விடாம," என்றார்.